தள்ளிவிட்ட கைகளுக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரம் விடியற்காலை, திண்டிவனம் அருகே நெடுஞ்சாலையோரக் கடையில் டிபனை முடித்துவிட்டு வந்து காரின் சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும்தான். ஹெட்லைட்டை அணைக்க மறந்தது என் தப்பு. பேட்டரியும் பழசு. பின் இருக்கையில் வயதான அம்மா வேறு.

கேட்காமலே வந்தார் ஒரு லாரி ஓட்டுநர். "எங்க பேட்டரி 24 வோல்ட், உங்களுது 12. கனெக்‌ஷன் கொடுத்தா வீணாப்போயிடும் சார். தள்ளிடலாம்" என்று லுங்கியை மடித்துக் கட்டினார். டீ மாஸ்டரும், பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். கிளட்சை மிதித்து, செகண்ட் கியர் போட்டுக் காத்திருந்தேன். "இப்ப விடுங்க!" முதல் தடவை வண்டி குலுங்கி நின்றது. அடுத்த தடவை பிடித்துக்கொண்டது. "ஆஃப் பண்ணிடாதீங்க" என்று கத்திவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விட்டார்கள். ஒரு டீ கூட வாங்கிக்கொள்ளவில்லை.

சரி, என் வண்டி கியர் வண்டி. ஆட்டோமேட்டிக் காராக இருந்திருந்தால் பத்துப் பேர் தள்ளியும் பயனில்லை. ஒரு பேட்டரியிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரம் கொடுக்கும் ஜம்பர் கேபிளும் இன்னொரு காரும் வேண்டும். பெட்ரோல் பங்குகளில் காற்று இலவசமாகக் கிடைப்பதுபோல, நெடுஞ்சாலைப் பங்குகளில் ஒரு ஜம்பர் கேபிளும் வைக்கச் சொல்லலாமே? நெடுஞ்சாலை உதவி எண் 1033 என்பதை டீக்கடைகளிலும் எழுதிவைக்கலாம். எனக்கே அது வீடு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

– ஒரு வாசகர், தாம்பரம்