சிவப்பு மையில் அடிபட்ட சொற்களின் ஊரிலிருந்து

அன்புள்ள தமிழய்யாவுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்பில் என் கட்டுரை நோட்டில் 'ஜன்னல்' என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே 'சாளரம்' என்று எழுதினீர்களே, ஞாபகம் இருக்கிறதா? அடுத்த பக்கத்தில் 'சாவி'யை அடித்துவிட்டு 'திறவுகோல்'. தூத்துக்குடியில் யார் வீட்டில் திறவுகோல் என்று சொல்கிறார்கள் என்று அப்போதே மனதுக்குள் முணுமுணுத்தேன். அந்தச் சொற்கள் கப்பலேறிய ஊருக்கே இன்றைக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பன். இங்கே உள்ளவர்கள் வாயில் அது 'லிஷ்போவா'.

அல்ஃபாமா என்ற பழைய பகுதியில், மூன்றாம் மாடியில் அறை. லிஃப்ட் கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க ஏறி முடித்ததும், வீட்டுக்கார அம்மா விரல் நீளத்துக்கு ஓர் இரும்புச் சாவியை நீட்டி 'ஷாவ்' என்றார். அறைக்குள் கூட்டிப்போய் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். ஜன்னலைத் தொட்டு 'ஜனெலா'. மேசையைத் தட்டி 'மேசா'. அலமாரியைத் திறந்து 'அர்மாரியு'. கட்டில்மேல் மடித்து வைத்திருந்த துவாலையை எடுத்து 'துவால்யா'. அவருக்கு ஆங்கிலம் வராது, எனக்குப் போர்த்துகீசியம் வராது. ஆனாலும் அறையில் இருந்த பாதிச் சாமான்களின் பெயர் எனக்குத் தெரிந்திருந்தது. நான் சிரிப்பதைப் பார்த்து, எதற்கென்று புரியாமலே அவரும் சிரித்தார்.

நன்றி சொல்லப்போய்தான் மாட்டிக்கொண்டேன். விமானத்தில் மனப்பாடம் செய்துவைத்திருந்த 'ஒப்ரிகாது'வைச் சொன்னேன். விரலை ஆட்டி 'ஒப்ரிகாதா' என்று திருத்தினார். ஆண் சொன்னால் அது, பெண் சொன்னால் இது. தன்மையில் நமக்குப் பால் வேறுபாடு இல்லை, 'வந்தேன்' என்றால் வந்தவன் யார், வந்தவள் யார் என்று தெரியாது என்று நீங்கள் நடத்திய பாடம் நினைவுக்கு வந்தது. இங்கேயும் ஒரு சிவப்பு மை!

அப்புறம் இறங்கி நடந்தேன். அல்ஃபாமா என்பது அரபுப் பெயர். வெந்நீர் ஊற்றைக் குறிக்கிற சொல்லிலிருந்து வந்தது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் வாசற்படியில் ஏறி நிற்க வேண்டிய சந்துகள், தலைக்கு மேலே கொடியில் காயும் துணி, யாரோ மத்தி மீன் சுடும் வாசனை. சத்தியமாக நம் ஊர்க் கடற்கரைத் தெருதான், தரைதான் மலை மாதிரி ஏறுகிறது. 28ஆம் எண் டிராமில் ஏறலாம் என்று போனால் நிறுத்தத்தில் தேர்க்கூட்டம். நடந்தே போனேன்.

நடந்ததற்குக் கூலி கிடைத்தது. இந்த ஊர் நடைபாதையெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லும் கறுப்புக் கல்லும் கையளவு துண்டுகளாகப் பதித்த கோலம். ரொசியு சதுக்கத்தில் அலை அலையாகப் போட்டிருக்கிறார்கள், பார்த்தாலே தலை சுற்றும். பார்க்க அழகு, தேய்ந்துபோன செருப்புக்கு எமன். பைஷா என்ற பகுதியில் ஒரு திருப்பத்தில் சறுக்கி உட்கார்ந்தே விட்டேன். கையைத் தட்டிக்கொண்டு எழுந்து நிமிர்ந்தால் சுவரில் தெருப்பெயர்: 'ருவா துஷ் சப்பத்தெய்ருஷ்'. செருப்புத் தைப்பவர்கள் தெரு. சப்பாத்து! இலங்கைத் தமிழர் இன்றும் சொல்கிறார்கள், எங்கள் தாத்தாவும் சொல்வார். செருப்பு வழுக்கி விழுந்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான தெரு ஏது?

பைஷாவின் தெருக்கள் கோடு போட்டதுபோல் நேராக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. 1755 நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாள், காலை ஒன்பதரை மணி சுமாருக்கு நிலம் நடுங்கியது. ஊரே கோயிலில் இருந்த நேரம். பீடங்களில் எரிந்த மெழுகுவர்த்திகள் சரிந்தும் தீப்பிடித்தது. தீக்குப் பயந்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைச் சுனாமி அடித்தது. நம் கரைக்காரர்களுக்கு அந்தக் கடைசி வரியை விளக்க வேண்டியதில்லை. மேட்டில் உள்ள கார்மு மடத்துக் கோயிலைக் கூரையில்லாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். வளைவுகள் மட்டும் விலா எலும்புபோல் நிற்க, நடுவில் வானம். அங்கே அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நிலநடுக்கத்துக்குப் பிறகு மார்க்கேஷ் த பொம்பால் என்ற அமைச்சர் பைஷாவைப் புதிதாகக் கட்டவைத்தார். சுவருக்குள்ளே மரச்சட்டத்தால் கூண்டு பின்னி, அதைச் சுற்றிச் சிப்பாய்களை நடக்கவிட்டு, அதிர்வைத் தாங்குகிறதா என்று சோதித்தார்களாம். நல்ல மேஸ்திரிகள். அந்தச் சொல்லும் இவர்களுடைய 'மெஷ்த்ரெ'தான்.

மதியச் சாப்பாட்டில் ஏமாந்தேன். கேட்காமலே ரொட்டி, ஆலிவ் காய், வெண்ணெய் கொண்டுவந்து வைத்தார்கள். விருந்தோம்பல் என்று நம்பி எல்லாவற்றையும் காலி செய்தேன். பில்லில் தனியாக மூன்று யூரோ. தொட்டால் காசு, தொடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்பது ஊர் வழக்கமாம். அந்த ரொட்டியின் பெயர் 'பாவ்ங்', இலங்கையில் பாண்.

பக்கத்தில் ஒரு பழக்கடை. அட்டைகளில் 'அனனாஷ்', 'பப்பாயா', 'மாங்கா'. முதல் இரண்டும் அமெரிக்கக் கரையிலிருந்து இவர்கள் வாய்வழியாக நம்மிடம் வந்தவை. மூன்றாவது நம் பக்கத்திலிருந்து இங்கே வந்தது. ஒரு துண்டு அனனாஷ் வாங்கித் தின்றேன். மாங்கா விலையைப் பார்த்து விட்டுவிட்டேன்.

சாயங்காலம் தேஜு ஆற்றங்கரை. அந்தப் பெரிய சதுக்கத்துக்கு அதிகாரப்படி வணிகச் சதுக்கம் என்று பெயர். ஊர்க்காரர்கள் இன்னும் 'தெர்ரெய்ரு து பாசு', அரண்மனை முற்றம், என்கிறார்கள். அரண்மனை 1755லேயே போய்விட்டது. ஆற்றுக்குள் இறங்கும் கல்படியில் உட்கார்ந்தேன். தோணித்துறைதான், ஆறுதான் கடல்போல் அகலம். இந்த ஊரில்தான் 1554இல், அரசன் மூன்றாம் ஜுவாவ் ஆணைப்படி, தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்டு ஒரு ஞானோபதேச நூல் வந்தது. போர்த்துகீசியப் பெயர் சூடிய இந்தியர் மூவர் அதில் உழைத்தார்கள். தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சேற இன்னும் 24 ஆண்டுகள் இருந்தன. அந்த மூவரும் இந்த ஆற்றைப் பார்த்துக்கொண்டு எந்த மீனை நினைத்திருப்பார்கள்?

அறைக்குத் திரும்பினால் வீட்டுக்கார அம்மா பட்டைத் தூள் தூவிய முட்டைப் பாலேட்டு டார்ட் ஒன்றைத் தட்டில் வைத்து மூடியிருந்தார். தெருவைப் பார்த்த பால்கனியைக் காட்டி, அங்கே போய்ச் சாப்பிடு என்று சைகை செய்தார். அதற்கு அவர் சொன்ன சொல் 'வராந்தா'. இது அவர்களிடமிருந்து நமக்கு வந்ததா, நம் நாட்டிலிருந்து அவர்களுக்குப் போனதா என்று அறிஞர்களே சண்டை போடுகிறார்கள். நீங்கள் எந்தக் கட்சி ஐயா? பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது, உங்கள் வீட்டு வராந்தாவிலேயே உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
மூன்றாம் பெஞ்சு மாணவி