பால் கொட்டகையில் கேட்ட கேள்வி

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்பு நண்பா,

உன் கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. கிள்ளானில் நீயும் வீட்டாரும் நலமாக இருப்பதையும், பேத்தி தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டில் சேர்ந்திருப்பதையும் அறிந்து மனம் நிறைந்தது. நம் பழைய ரப்பர் தோட்டத்து மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். பெரும்பாலோர் நலம். நம் லயத்தின், அந்தத் தொழிலாளர் வீட்டு வரிசையின், கடைசி வீட்டு அக்காவுக்கு மட்டும் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். அது எப்படி நேர்ந்தது என்பதை உனக்கு எழுத வேண்டும் என்று நான்கு நாள்களாக நினைத்திருந்து, இன்றுதான் மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

அக்காவுக்கு இருபது ஆண்டுகளாக இனிப்பு நீர் என்னும் நீரிழிவு இருப்பது உனக்குத் தெரியும். கிளினிக்கில் கொடுக்கும் மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடாதவர். தீபாவளிக்குப் பலகாரத் தட்டை நீட்டினாலும் ஒரு முறுக்கோடு கையை எடுத்துக்கொள்பவர். நம் பழைய தோட்டத்து மக்களுக்கென்று இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நான்கு மாதங்களுக்கு முன் ஒரு குரல்பதிவு வந்தது. தன்னைப் பெரிய மருத்துவர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், ஓர் இலையைக் கொதிக்கவைத்து ஒரு மண்டலம் குடித்தால் இனிப்பு நீர் அடியோடு போய்விடும் என்றும், அந்த நாள்களில் மாத்திரை எதையும் தொடக் கூடாது என்றும் தெளிவான தமிழில் பேசியிருந்தார். பதிவின் தலைப்பில் இரட்டை அம்புக்குறி இருந்தது. பலர் கைமாறி வந்த செய்திக்குத்தான் அந்தக் குறி விழும். அதைக் குழுவில் போட்டவர், நமக்குக் காற்பந்து சொல்லிக்கொடுத்த அண்ணன். அன்று இரவுக்குள் அதன் கீழே முப்பத்தொரு கும்பிடு, அந்தக் கைகூப்பும் குறி, விழுந்தது.

நானும் அதைக் கேட்டேன். மாத்திரையை நிறுத்தச் சொல்வது ஆபத்து என்று கேட்ட கணத்திலேயே எனக்குத் தெரிந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. இருநூறு பேர் பார்க்கும் இடத்தில் அண்ணனை எப்படிக் கேள்வி கேட்பது, பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்பிவிட்டது போல ஆகாதா என்று நினைத்து, கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டேன். அக்கா மாத்திரையை நிறுத்தினார். காலில் பட்ட சிறு காயம் ஆறாமல் அழுகியது. மருத்துவமனையில் அவரைப் பார்க்கப் போனபோது கோபமே இல்லாமல் கேட்டார்: "நீயும் அந்தக் குழுவுலதானே இருக்கே தம்பி? தப்புன்னா நீ சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்."

அந்த வாக்கியத்தை என்னால் இன்றுவரை கடக்க முடியவில்லை.

படிப்பு பெருகியும் சிந்திக்கும் பழக்கம் தேய்ந்துவிட்டது, இளையவர்கள் எதையும் ஆராயாமல் நம்புகிறார்கள் என்று நீ எழுதியிருந்தாய். முதல் பாதியை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாம் பாதியை ஒப்புக்கொள்ள மாட்டேன். கும்பிட்ட முப்பத்தொருவரில் ஐம்பது வயதுக்குக் குறைந்தவர்கள் நால்வர்தான். மற்றவர்கள் எல்லாரும் நம்மோடு விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்களத்தில் நின்று வளர்ந்தவர்கள். கேள்வி கேட்கத் தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியுமா?

ரப்பர் பாலை நிறுக்கும் பால் கொட்டகையை நினைத்துப் பார். தோளில் சுமந்து வந்த காண்டா வாளியை இறக்கி வைத்ததும், தோட்டத்து எழுத்தரான கிராணி பாலை நிறுப்பார். பிறகு மெட்ரோலாக் என்ற அளவுக் குழாயை மிதக்கவிட்டு அளவைப் பார்ப்பார். எடை எவ்வளவு இருந்தாலும், பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று அந்தக் கண்ணாடிக் குழாய் காட்டுவதைப் பொறுத்துத்தான் கூலி. என் அம்மாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் குழாய் ஆடி அடங்குவதற்கு முன்பே கிராணி எழுதப் போனால், "ஐயா, இன்னும் நிக்கலீங்களே" என்று சொல்லாமல் விடமாட்டார். மழை பெய்யாத நாளில் நேற்றைவிட இன்று ஏன் குறைகிறது, பக்கத்து நிரையில் வெட்டியவருக்கு மட்டும் ஏன் குறையவில்லை என்று கேட்பார். கிராணி முகம் சுளித்தாலும் மீண்டும் மிதக்கவிட்டுத்தான் எழுதுவார். கூலியைக் கையில் வைத்திருந்தவரையே அம்மா கேட்டார். கேட்டதனால் கிராணிக்கு அவமரியாதை ஆகிவிட்டது என்று அங்கே யாரும் நினைத்ததில்லை.

செய்தியும் அப்படித்தான் நம்மிடம் வந்தது. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழை முடிவெட்டும் கடையில் ஒருவர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். ஒரு பத்தி முடிவதற்குள் எத்தனை குறுக்குக் கேள்விகள்! சொன்னது யார், எந்த ஊரில், சென்ற மாதம் வேறு மாதிரி போட்டிருந்தார்களே என்று நிறுத்தி நிறுத்தித்தான் படிக்க விடுவார்கள். அந்தப் பத்திரிகை 2019-இல் நின்றது. அதற்கு நெடுங்காலம் முன்பே தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்கள் காலியாகி, நாம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்குப் பிரிந்து போனோம். இன்று அதே மனிதர்கள் இரவு பத்து மணிக்குத் தனித்தனி அறையில் தனித்தனித் திரையைப் பார்க்கிறார்கள்.

நான் பல நாள் யோசித்துக் கண்டது ஒன்று உண்டு. முடிவெட்டும் கடையில் பேசாமல் உட்கார்ந்திருந்தவரின் ஐயமும் எல்லாருக்கும் தெரிந்தது. ஒருவர் புருவத்தை உயர்த்துவார், ஒருவர் வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டுப் படிப்பவரைப் பார்ப்பார். அதைக் கண்டதும் படிப்பவரின் குரலே தணிந்துவிடும். கைப்பேசியில் ஐயத்துக்கு முகம் இல்லை. கும்பிடு மட்டும் எண்ணிக்கையாகத் தெரிகிறது. பேசாத நூற்று அறுபத்தொன்பது பேரும் ஒப்புக்கொண்டதாகவே அக்கா எடுத்துக்கொண்டார். கும்பிட ஒரு விரல் போதும். மறுக்க வேண்டுமென்றால் பத்து வரி எழுத வேண்டும், பிறகு அண்ணனின் வருத்தத்தையும் சுமக்க வேண்டும்.

இது நம் ஊரோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் செய்திகள் பரவிய ஏறத்தாழ 126,000 தொடர்களை ஆராய்ந்து 2018-இல் சயன்ஸ் இதழில் எழுதினார்கள். மெய்யைவிடப் பொய் மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம்; 1,500 பேரைச் சென்றடைய மெய்ச் செய்திக்கு ஆறு மடங்கு நேரம் பிடித்தது. தானியங்கிக் கணக்குகளைக் கழித்துப் பார்த்தும் அந்த முடிவு மாறவில்லை. பரப்பியவர்கள் மனிதர்கள்தாம். புதுமையாகவும் வியப்பாகவும் இருப்பதைக் கண்டதும் அடுத்தவரிடம் சொல்லத் துடிக்கும் இயல்பை, விரல் நுனியில் ஒரு பொத்தான் வைத்து வளர்த்துவிட்டிருக்கிறார்கள்.

சிறு தடை வைத்தாலே வேகம் குறைகிறது என்பதும் உண்மை. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒருவருக்கு அல்லது ஒரு குழுவுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் கட்டுப்படுத்தியபோது, அத்தகைய பகிர்வுகள் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனமே சொன்னது. நம் நாட்டிலும் 2018-இல் பொய்ச் செய்தித் தடுப்புச் சட்டம் வந்தது; அடுத்த ஆண்டே அதை நீக்க நாடாளுமன்றம் வாக்களித்தது. 2017 முதல் செபெனார்ஞா என்ற அரசாங்க இணையத்தளம் பரவும் செய்திகளைச் சரிபார்த்துச் சொல்கிறது. ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் மலாய். தமிழில் பேசும் குரல்பதிவைக் கேட்டுவிட்டு நம் அக்காமார் அங்கே போய்த் தேடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. 2019-இன் தேசியச் சுகாதார ஆய்வின்படி இந்நாட்டில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடம்தான் அது மிக அதிகம். இலைக் கஷாயச் செய்தி நம் குழுக்களில் சுற்றிச்சுற்றி வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அண்ணனை வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். அக்காவின் காலைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வெகுநேரம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். "நீ அன்னைக்கே கேட்டிருக்கலாமேடா" என்றார். அவமரியாதை என்று நான் அஞ்சியதை அவர் கடமை என்று எண்ணியிருந்தார், நண்பா. அன்று இரவே அந்தப் பதிவை நம்ப வேண்டாம் என்று குழுவில் அவர் எழுதினார். அதற்குக் கிடைத்த கும்பிடு ஆறுதான்.

நீ இருக்கும் கிள்ளான் குழுவில் அதே குரல்பதிவு இந்த வாரம் வந்திருப்பதாக உன் தம்பி சொன்னார். போட்டவர் நம் பள்ளித் தோழராகவே இருந்தாலும் பேசாமல் விட்டுவிடாதே. பேசும் மருத்துவர் யார், எந்த மருத்துவமனை, மாத்திரையை நிறுத்தச் சொல்லலாமா என்று நம் கிளினிக்கில் யாராவது கேட்டார்களா என்று மூன்று வரி எழுதினால் போதும். அக்கா தன் காலைப் பற்றி எழுத எனக்கு அனுமதி தந்திருக்கிறார். வேண்டுமானால் அதையும் சொல்.

வியாழக்கிழமை அவருக்குக் கட்டு மாற்ற வேண்டும். நான்தான் காரில் அழைத்துச் செல்கிறேன். புதன் இரவு முடிந்தால் அவருக்குத் தொலைபேசி எடு. உன் குரலைக் கேட்டால் மகிழ்வார்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்