கோழிக்கழிவு வண்டி எப்போது வரும்? மீனம்பாக்கத்தைச் சுற்றியுள்ள உள்ளாட்சி உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர், குரோம்பேட்டை என எங்கிருந்து நீங்கள் தேர்வாகியிருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். விமானத்தில் பறவை மோதுவது மீனம்பாக்கம் விமான நிலையத்துக்காரர்களின் தலைவலி, நமக்கென்ன என்று விட்டுவிடாதீர்கள். பருந்துக்குத் தீனி போடுவது மதில் சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் நாம்தான்.

உள்ளே அவர்களால் முடிந்ததற்கு ஓர் எல்லை உண்டு. புல்லை வெட்டலாம், தண்ணீர் தேங்காமல் பார்க்கலாம், வெடி போட்டு விரட்டலாம். மழை பெய்து பூச்சியும் தவளையும் கிளம்பினால் கொக்கும் ஆள்காட்டியும் வரும். அதையும் உள்ளேயே சமாளிக்கலாம். (வெடிச்சத்தம் பறவைகளுக்குச் சீக்கிரம் பழகிப்போய்விடும் என்பது வேறு விஷயம்.) பருந்து அப்படியில்லை. வெளியே குப்பைமேட்டில் தின்றுவிட்டு, வெயில் ஏறியதும் சூடான காற்றில் இறக்கை விரித்து மேலே போய் வட்டமடிக்கிறது. இறங்க வரும் விமானம் சுமார் 3 டிகிரி சரிவில் வருகிறது. கணக்குப் போட்டால், ஓடுபாதைக்கு 10 கிலோமீட்டர் முன்னால் அது ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்தில் இருக்கும். 5 கிலோமீட்டரில் அதிலும் பாதி. பருந்து சாவகாசமாகச் சுற்றும் உயரமும் அதுதான்.

1937ஆம் ஆண்டு விமான விதிகளின் 91ஆம் விதி, விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் கால்நடைகளை அறுக்கவும் தோலுரிக்கவும், பறவைகளை ஈர்க்கும் கழிவைக் கொட்டவும் தடை போட்டது. ஓட்டல், இறைச்சிக் கடை, மீன் கடை, எலும்பு ஆலைக் கழிவு எல்லாம் அதில் பெயர் சொல்லியே இருக்கிறது. மீறினால் சிறைகூட உண்டு. மீனம்பாக்கத்திலிருந்து 10 கிலோமீட்டர் என்றால் தாம்பரம், கிண்டி, வேளச்சேரி, போரூர் எல்லாம் வந்துவிடும். பெருங்குடிக் குப்பைக் கிடங்கும் உள்ளேதான். அந்த வட்டத்துக்குள் எத்தனை பிரியாணிக் கடை என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்!

2022 ஜூன் 19 அன்று பாட்னாவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய விமானத்தின் இடது இன்ஜினில் பறவை சிக்கித் தீப்பிடித்தது. கீழே இருந்தவர்கள் அதை வீடியோ எடுத்தார்கள். 185 பயணிகளோடு விமானம் பத்திரமாகத் திரும்பி இறங்கியது. 2024 டிசம்பர் 29 அன்று தென்கொரியாவின் முவானில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 181 பேரில் 179 பேர் இறந்தார்கள். இரண்டு இன்ஜின்களிலும் பைக்கால் கிளுவை என்ற வாத்தின் இறகும் ரத்தமும் கிடைத்தன. ஓடுபாதை முடிந்த இடத்தில் இருந்த கான்கிரீட் மேட்டில் மோதியதால்தான் சாவு அவ்வளவு ஆனது. பழி முழுவதையும் பறவை மேல் போட முடியாது. ஆனால் தொடங்கியது அங்கேதான்.

சரி, கடைகளை மூடிவிடலாமா? பெங்களூரில் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்காக எலகங்கா விமானத்தளத்தைச் சுற்றி 2023ல் 10 கிலோமீட்டர் வரையும் 2025ல் 13 கிலோமீட்டர் வரையும் இறைச்சி விற்பனையையே நிறுத்தினார்கள். கண்காட்சிக்கு அது சரி. நித்தமும் விமானம் ஏறி இறங்கும் ஊரில் நடக்கிற காரியமா? கடைக்காரர் பக்கமும் யோசியுங்கள். ஞாயிறு மதியம் அவர் கையில் குடலும் இறகும் தோலுமாக டிரம் டிரம்மாகக் கழிவு நிற்கிறது. வீட்டுக் குப்பை வண்டியில் அதைப் போட முடியாது, போடவும் கூடாது. விடிவதற்குள் நாறிவிடும். அதனால் யாரோ ஒருவருக்குக் காசு கொடுத்து அனுப்பிவிடுகிறார். அது ஏரிக்கரைக்குப் போகிறதா, அடையாற்றுக்குப் போகிறதா என்று யாரும் கேட்பதில்லை. ஆள் வைத்துப் பிடித்து அபராதம் போட்டால், அந்த மூட்டை இன்னொரு கரைக்குப் போகும், அவ்வளவுதான். பருந்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

கோழிக்கழிவை வேகவைத்துக் கொழுப்பையும் மாவையும் பிரித்தெடுக்கும் ஆலைகள் கேரளத்தில் ஓடுகின்றன. அந்த மாவு தீவனமாகிறது. காசு கொடுத்துத் தொலைக்கிற பொருளுக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. நமக்கும் அப்படி ஓர் ஆலை வேண்டும். அதுவரைக்கும் மூடிய வண்டி வேண்டும். அதுவும் திங்கள் காலை அல்ல, ஞாயிறு மதியம் 2 மணிக்கே. கடை உரிமத்தைப் புதுப்பிக்கும்போது, கழிவை யாரிடம் கொடுத்தீர்கள் என்ற ரசீதைக் கேளுங்கள். வண்டியே அனுப்பாமல் ரசீது கேட்காதீர்கள்.

அப்புறம் ஒன்று. இந்தப் பேச்சு வந்தாலே, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தால்தான் பறவை வருகிறது, அதைத் தூர்த்தால் சரியாகிவிடும் என்று சிலர் கிளம்புவார்கள். குப்பையை அள்ளாமல் சதுப்புநிலத்தைத் தூர்க்கும் அந்த யோசனைக்குத் தயவுசெய்து காது கொடுக்காதீர்கள்.

அடுத்த மன்றக் கூட்டத்தில், அந்த ஞாயிறு மதிய வண்டிக்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்று உங்களில் ஒருவராவது எழுந்து கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் கேளுங்கள்.

இப்படிக்கு,
பம்மல்வாசி ஒருவர்