மூன்று கட்டங்களைக் காலியாக விட்டவர்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். வழக்கமாக இந்தக் கடிதத்தில் தேர்வு அட்டவணையும், காலையில் கேட் மூடும் நேரமும்தான் இருக்கும். இந்த மாதம் அவற்றைத் தனித்தாளில் அனுப்பிவிட்டேன். இது வேறு விஷயம்.

போன வாரம் வேதியியல் ஆசிரியர் விடுப்பில் இருந்ததால் பதினோராம் வகுப்புக்கு நான் போனேன். சுவரில் தொங்கும் தனிம வரிசை அட்டவணையைப் பார்த்துக்கொண்டே இருந்த ஒரு மாணவி எழுந்தாள். "சார், கோபால்ட் எடை 58.93. நிக்கல் 58.69. எடை கூடுனது எப்படி சார் முன்னாடி நிக்குது?" என்றாள். வேதியியலாளர்களைப் பல ஆண்டுகள் தலையைச் சொறிய வைத்த கேள்வி அது. அதற்குச் சோதனை மூலம் விடை கண்டபோது இயற்பியலாளர் ஹென்றி மோஸ்லேக்கு வயது 25. இரண்டே ஆண்டில் போர்முனையில் இறந்துபோனார். உங்கள் பிள்ளைகள் அவர் பெயரில் உள்ள சமன்பாட்டை மனப்பாடம் செய்கிறார்கள். ஆளைப் பற்றி நாங்கள் சொல்லிக்கொடுத்ததில்லை.

இங்கிலாந்தின் வேமவுத் ஊரில் 1887 நவம்பர் 23 அன்று பிறந்தவர். அப்பா உயிரியல் பேராசிரியர்; சேலஞ்சர் கப்பலில் உலகம் சுற்றிக் கடலை ஆராய்ந்த குழுவில் ஒருவர். மகனுக்கு நான்கு வயது நிறைவதற்குள் அவர் காலமானார். பிறகு அம்மாவின் வளர்ப்பு, உதவித்தொகையில் ஈட்டன் பள்ளி, அங்கே இயற்பியலிலும் வேதியியலிலும் பரிசுகள், அடுத்து ஆக்ஸ்ஃபோர்டு. 1910இல் பட்டத்தேர்வில் முதல் வகுப்பு கிடைக்கவில்லை, இரண்டாம் வகுப்புதான். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட வரும்போது உங்களில் சிலர் முகம் எப்படிப் போகும் என்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை விடாமல் எழுதுகிறேன். அந்த இரண்டாம் வகுப்புக்காரரை மான்செஸ்டரில் புகழ்பெற்ற இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு தன் ஆய்வகத்தில் சேர்த்துக்கொண்டார்.

அன்று தனிமங்களை எடை பார்த்து வரிசைப்படுத்தினார்கள். அணு எண் என்பது அப்போது வருகைப் பதிவேட்டில் நாங்கள் போடும் வரிசை எண் மாதிரிதான். ஆள் மாறினால் எண்ணும் மாறும். அப்படியில்லை, அந்த எண் அணுவின் கருவில் உள்ள மின்னூட்டமாக இருக்கலாம் என்று ஒரு யூகம் ஏற்கெனவே இருந்தது. மாற்றுச் சான்றிதழில் எழுதும் அங்க அடையாளம் மாதிரி, கூடவே பிறந்தது என்று. சோதனை செய்து அதை நிலைநாட்டியவர் மோஸ்லே.

அந்தச் சோதனையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய். அதற்குள் ஒரு சின்னத் தண்டவாளம், மேலே ஒரு சின்னத் தள்ளுவண்டி. வண்டியில் வரிசையாக உலோகத் துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் குழாயைத் திறந்து மூடினால் மறுபடி காற்றை எடுக்கவே நேரம் போய்விடும். அதனால் தூண்டிலுக்குக் கட்டும் பட்டு நூலை வண்டியில் கட்டி, வெளியிலிருந்தே இழுத்து இழுத்து ஒவ்வொரு துண்டையும் எலக்ட்ரான் கற்றைக்கு நேரே கொண்டுவந்தார். துண்டிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிர் ஒரு படிகத்தில் பட்டுப் பிரிந்து, புகைப்படத் தகட்டில் கோடாக விழும். கால்சியத்தில் தொடங்கித் துத்தநாகம் வரை எடுத்த படங்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினால் கோடுகள் படிக்கட்டு மாதிரி இறங்குகின்றன. ஒரு தனிமத்துக்கு ஒரு படி. அந்தப் படியின் எண்தான் அணு எண்: கோபால்ட்டுக்கு 27, நிக்கலுக்கு 28. எடை என்ன சொன்னாலும் சரி. இரவெல்லாம் இதே வேலை. விடியற்காலை மூன்று மணிக்கு மான்செஸ்டரில் எங்கே சாப்பாடு கிடைக்கும் என்பது மோஸ்லேக்குத் தெரியும் என்று உடன் வேலை செய்தவர் சொல்லியிருக்கிறார்.

1914இல் தங்கம் வரை போனார். படிக்கட்டில் 43, 61, 75 ஆகிய இடங்களில் படி இல்லை. எதையாவது வைத்து நிரப்பாமல், இங்கே இன்னும் கண்டுபிடிக்காத தனிமம் இருக்கிறது என்று எழுதிக் கட்டத்தைக் காலியாக விட்டார். (தெரியாத கேள்விக்கும் "எதையாவது எழுதி வை, மார்க் போடுவாங்க" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். ஒத்துக்கொள்கிறேன்.) 75ஆம் கட்டத்துக்கு ரீனியம் 1925இல் வந்தது. 43க்கு டெக்னீசியம் 1937இல். 61க்கு புரோமித்தியம் 1945இல். ஒன்றைக்கூட அவர் பார்க்கவில்லை.

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டபோது, ஓர் அறிவியல் மாநாட்டுக்காக அம்மாவுடன் ஆஸ்திரேலியா போயிருந்தார். ஊர் திரும்பித் தானாகவே படையில் சேர்ந்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, பிரிட்டனில் கட்டாய ராணுவச் சேவை வந்ததே 1916இல்தான். பொறியாளர் படையில் தகவல் தொடர்பு அதிகாரி, இரண்டாம் லெப்டினன்ட். துருக்கியின் கலிபோலி முனைக்கு அனுப்பினார்கள். 1915 ஆகஸ்ட் 10 காலை, சுனுக் பாயிர் மலைச்சரிவில் முஸ்தபா கெமால் தலைமையில் துருக்கியர்கள் எதிர்த்தாக்குதல் நடத்தினார்கள். தொலைபேசியில் உத்தரவு ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்த மோஸ்லேயின் தலையில் குண்டு பாய்ந்தது. வயது 27. அடையாளம் காணப்பட்ட கல்லறை கிடையாது. ஹெல்லஸ் நினைவுச் சின்னத்தில் பெயர் மட்டும் இருக்கிறது. போர்முனையில் எழுதிய உயிலில் தன் சொத்தை அறிவியல் ஆய்வுக்கென்று பிரிட்டனின் அறிவியல் கழகமான ராயல் சொசைட்டிக்கு விட்டிருந்தார். அந்த ஆண்டு நோபல் பரிசுக்கு அவர் பெயரைப் பரிந்துரைத்திருந்தார்கள். இறந்தவருக்கு அதைக் கொடுப்பதில்லை.

இப்படிப்பட்ட மூளையைப் பதுங்கு குழிக்கு அனுப்பலாமா என்று ரூதர்ஃபோர்டு அன்றே வருந்தி எழுதினார். நியாயம்தான். ஆனால் அதை வகுப்பில் அப்படியே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதே மலைமுகட்டுக்காகக் கூர்க்கா வீரர்களும் சண்டையிட்டார்கள். இரண்டு தரப்பிலும் செத்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் புத்தகத்தில் ஒரு பத்தி கிடையாது. அப்படிச் சொன்னால், அவர்கள் போனால் பரவாயில்லை என்று ஆகிவிடும். இதை மாணவர்களிடமே கேள்வியாக விட்டிருக்கிறேன். இரண்டு நாளாகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 10 காலை வேதியியல் ஆய்வகம் பெற்றோருக்காகத் திறந்திருக்கும். மாணவர்கள் வரைந்த பெரிய அட்டவணையில் அந்த மூன்று கட்டங்கள் மட்டும் வெள்ளைத்தாளாக இருக்கும். தாளைத் தூக்கினால் ஆண்டு தெரியும். படையில் பணியாற்றிய பெற்றோர் யாராவது அன்று பிள்ளைகளோடு அரை மணி நேரம் பேச முடிந்தால், முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். பேச்சு தயாரிக்க வேண்டாம், அவர்களே கேட்பார்கள்.

கோபால்ட் பக்கத்தில் அந்த மாணவி நிற்பாள். நான் சொன்னதைவிட அவள் நன்றாகச் சொல்கிறாள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்