பணம் வருவது நின்றால் பட்டறையும் நிற்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சிறுதொழில்கள் போட்டியில் தாக்குப்பிடிக்க நவீன இயந்திரங்களுக்கு மாற வேண்டும் என்று வலியுறுத்தும் கட்டுரையைத் தங்கள் நாளிதழில் படித்தேன். கோவை கணபதியில் மற்ற நிறுவனங்களின் பம்ப் உதிரிபாகங்களுக்கு ஜாப் ஒர்க் செய்யும் லேத் பட்டறை நடத்துபவன் நான். இயந்திரத்தைப் பற்றிப் பேசிய கட்டுரையாளர், எங்கள் பில் தொகை எப்போது கைக்கு வருகிறது என்பதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

எங்கள் ஊரில் மோட்டாரின் சுழல்தண்டான ஒரு ஷாஃப்ட் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். ராடு ஒரு பட்டறையில் அறுபடும். கடைசல் அடுத்த தெருவில் நடக்கும். அதில் கீவே என்ற பள்ளம் வெட்டுபவர் ஒருவர், கிரைண்டிங் செய்பவர் இன்னொருவர். சரக்கு மொபெட்டிலேயே இடம் மாறிவிடும். எல்லா இயந்திரங்களையும் ஒருவரே வாங்கிப் போட்டுக் கடனில் விழ வேண்டியதில்லை; அவரவர் வேலையில் அவரவர் கைதேர்ந்தவர். பெரிய ஆலைகள் தங்கள் கூரைக்குள் செய்வதைவிடக் குறைந்த செலவில் நாங்கள் செய்துகொடுக்க இந்த ஏற்பாடுதான் காரணம். ஆனால், இந்தச் சங்கிலியில் ஒருவருக்குப் பணம் நின்றால் அவருக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேருக்கும் நிற்கும்.

பணம் தாமதமானால் முதலில் அடிபடுவது இன்சர்ட், அதாவது லேத்தில் உலோகத்தைச் சீவும் வெட்டுமுனை. முனை மழுங்கிய பிறகும் 'இன்னும் கொஞ்சம் ஓடட்டும்' என்று ஓட்டுவோம். ஃபினிஷிங் கெடும், அளவு தப்பும், சரக்கு ரிஜெக்ட் ஆகித் திரும்பி வரும். மொத்தமாக வாங்க வேண்டிய ராடைச் சில்லறையாக வாங்கினால் கிலோவுக்குக் கூடுதல் விலை. சனிக்கிழமைச் சம்பளம் தள்ளிப்போனால், செட்டிங் தெரிந்த நல்ல ஆள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். வெளியிலிருந்து பார்ப்பவர் இதைத் திறமைக்குறைவு என்கிறார். குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகளுடன் விலையில் போட்டியிட வேண்டிய நேரத்தில் நாங்கள் தனியார் பைனான்ஸுக்கு வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால்கூட 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்கக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாட்கள்தான். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும். முறையிடுவதற்கான வசதி மன்றம் கோவையிலேயே இருக்கிறது. ஆனால், யார் போய் முறையிடுவது? ஒரு பெரிய நிறுவனத்திடம் நிலுவையை ஒருமுறை சற்று அழுத்திக் கேட்டேன். பணம் வந்தது, அடுத்த மாத ஆர்டர் வரவில்லை. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. வட்டி கேட்கும் துணிச்சல் எங்கள் தெருவில் எவருக்கும் இல்லை.

வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடுவுக்குள் பணம் தராதவர், அதைக் கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் செலவாகக் கழித்துக்கொள்ள முடியும் என்றது அது. ஆனால், ஜூன் மாத பில்லை பிப்ரவரியில் கொடுத்தாலும் அதே நிதியாண்டுக்குள் வந்துவிடுவதால் வாங்குபவருக்கு வரியில் நஷ்டமில்லை. ஆகவே, மார்ச் மாதத்தில் மட்டும் அவசரம் தெரிகிறது. மற்ற மாதங்களில் பழைய கதைதான்.

ஜி.எஸ்.டி.யிலும் இதே முரண். பணம் வராவிட்டாலும் பில் போட்ட நாங்கள் அடுத்த மாதமே வரியைச் செலுத்தியாக வேண்டும். வாங்கியவரோ அந்த வரியைத் தன் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரிச் சலுகையை எடுத்துக்கொண்டு, எங்களுக்குப் பணம் தர 180 நாட்கள் வரை காத்திருக்கலாம். ஒரு சட்டம் 45 என்கிறது, இன்னொன்று 180 வரை பொறுத்துக்கொள்கிறது. பில்லை ஏலம் விட்டு வங்கிகளிடம் உடனே பணம் பெறும் டிரெட்ஸ் முறை நல்ல ஏற்பாடு. அதில் கடன் சுமை எங்கள் தலையில் விழுவதில்லை. ஆனால், வாங்குபவர் பில்லை ஏற்றுக்கொண்டதாக அங்கே பதிவு செய்தால்தான் அது நகரும். அந்த ஒப்புதலையே இழுத்தடிக்கிறார்கள்.

மானியம் கேட்டு இதை எழுதவில்லை. குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கும் சரக்குக்கும் வேலைக்கும் ஜி.எஸ்.டி.யின் 180 நாள் கெடுவை 45 ஆக்க வேண்டும். பதிவு செய்த நிறுவனங்களின் பில் விவரங்கள் ஜி.எஸ்.டி. தளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. பணம் கொடுத்த தேதியையும் அங்கே பதிவு செய்ய வைத்தால் தாமதம் தானாகத் தெரியும். பாதிக்கப்பட்டவர் பெயர் சொல்லிப் புகார் கொடுக்க வேண்டிய நிலையும் இருக்காது. கோவையின் தொழில் அமைப்புகள் மின்கட்டண உயர்வை எதிர்த்து ஒன்றாக நின்றதைப்போல் இந்தக் கோரிக்கைக்கும் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோவை.