மணல் அடிக்கக் கொடுக்கும் முன்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிரிட்டனில் கார் பூட் சந்தைகளிலும் பழைய சாமான் கடைகளிலும் மவுண்டன் பைக் ஃபிரேம்களைத் தேடி வாங்கிச் சீர்செய்யும் நம் தமிழ் ஆட்களுக்குத்தான் இந்த மடல். கேட்பது ஒன்றுதான்: ஃபிரேம் எதுவென்று தெரியும் வரை அதன் பெயின்ட்டில் கை வைக்காதீர்கள்.

எனக்கு இது பட்டுத் தெரிந்த விஷயம். ரெனால்ட்ஸ் 531 என்ற நல்ல எஃகுக் குழாயின் ஸ்டிக்கரில் ஓரம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பெயரில்லாத ஃபிரேமை அவசரப்பட்டுப் பவுடர் கோட்டிங்குக்கு (தூள் பெயின்ட்டைத் தூவி அடுப்பில் சுட்டுப் பூசுவது) கொடுத்தேன். பட்டறையில் கரடுமுரடான மணலை அடித்துச் சுரண்டிவிட்டார்கள். திரும்பி வந்தபோது பளபளவென்றுதான் இருந்தது. தலைகீழாகத் திருப்பிப் பார்த்தால், பாட்டம் பிராக்கெட்டின் (பெடல் அச்சு உட்காரும் கூடு) அடியில் லேசாகக் குத்தியிருந்த ஃபிரேம் எண் மழுங்கிப்போய், மிச்சப் பள்ளத்தையும் பூச்சு நிரப்பியிருந்தது. நான் அதை எழுதி வைத்திருக்கவில்லை. கையால் பற்றவைத்த வேலை என்பது மூட்டுகளைப் பார்த்தாலே தெரிகிறது. யாருடைய கை என்று இனிச் சொல்ல வழியில்லை. இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

பிரிஸ்டலில் ஓவர்பரிஸ், குராய்டனில் ராபர்ட்ஸ் போன்ற சிறு பட்டறைகளில் கையால் செய்த ஃபிரேம்கள் இன்னும் கொட்டகைகளில் கிடக்கின்றன. நாட்டிங்காமில் ரேலி சைக்கிள் தொழிற்சாலை இருந்த நிலத்தில் இன்று பல்கலைக்கழக வளாகம் நிற்கிறது. நேரில் போய்க் கேட்கலாம் என்றால் கேட்க ஆளில்லாத இடங்கள்தான் அதிகம். நமக்கு மிஞ்சியிருப்பது அந்த எண்ணும், பெயின்ட்டுக்குக் கீழே இருக்கும் பெயின்ட்டும்தான்.

இப்போது என்னிடம் இருக்கும் ஃபிரேம் கைக்கு வந்தபோது, யாரோ தோட்டத்து வேலிக்கு அடிக்கும் பச்சைப் பெயின்ட்டைப் பிரஷ்ஷால் அப்பியிருந்தார்கள். இந்த முறை பொறுமையாக உட்கார்ந்தேன். 1200 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மேல் குழாயில் ஒரு விரலகலத்துக்கு மட்டும் தேய்த்தேன். பச்சை கரைந்து பால்போல வடிந்தது. துடைத்துவிட்டு மறுபடி தேய்த்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு சின்ன வட்டம் தெரிந்தது, அதன் மேல் இன்னும் சில புள்ளிகள். நரியின் பாதத் தடம்! மடி ஃபாக்ஸ் என்ற சைக்கிள் பிராண்டின் சின்னம். 1980களில் லண்டன் தெருக்களில் மவுண்டன் பைக் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வந்த பெயர். மணல் அடித்திருந்தால் அந்தப் பாதம் அரை நிமிடத்தில் போயிருக்கும்.

பெயர் பிரிட்டிஷ் என்பதால் ஃபிரேமும் இங்கே பிறந்தது என்று எண்ணிவிட வேண்டாம். மடி ஃபாக்ஸ் ஃபிரேம்கள் ஜப்பானிலும் தைவானிலும் செய்து வந்தவை. அதனால் மதிப்புக் குறைந்துவிடாது, தேட வேண்டிய இடம்தான் மாறும்.

அப்புறம் அளவுகள். பின்சக்கரம் உட்காரும் இடைவெளி 130 மில்லிமீட்டர் என்றால் பெரும்பாலும் 1980களின் பிற்பாதி. 135 என்றால் அதற்குப் பிந்தியது. செயின் ஸ்டேக்கு (பாட்டம் பிராக்கெட்டிலிருந்து பின்சக்கர அச்சுக்குப் போகும் குழாய்) அடியில் யூ வடிவ பிரேக் மாட்டும் குமிழ்கள் இருந்தால் 1986 முதல் 1989 வரையிலான மோகம் அது. ஷிமானோ கம்பெனியின் கிராங்க் (பெடல் மாட்டும் கை) கூடவே வந்திருந்தால் அதன் பின்புறத்தைத் துடைத்துப் பாருங்கள், இரண்டு எழுத்துகள் இருக்கும். முதல் எழுத்து வருடம் (ஏ என்றால் 1976), இரண்டாவது மாதம். என்னுடையதில் எல், எச். அதாவது 1987 ஆகஸ்ட். கிராங்கை யாராவது மாற்றியிருக்கலாம் என்பதால் அதை மட்டும் நம்பவில்லை. இடைவெளியும் பிரேக் குமிழும் ஒத்துப்போன பிறகே ஏற்றுக்கொண்டேன். சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் தண்டு) அளவைப் பழைய போஸ்ட்டில் பார்க்காமல், ஃபிரேம் குழாய்க்குள்ளே வெர்னியர் அளவுகோல் வைத்துப் பாருங்கள். 26.8 மில்லிமீட்டர் போக வேண்டிய இடத்தில் 26.6ஐச் செருகி இறுக்கியவர்கள் ஏராளம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். 1990களின் தொடக்கத்தில் ரேலி சில மாடல்களில் டைட்டானியக் குழாய்களைப் பசையால் ஒட்டிச் செய்தது. டைனா-டெக், எம்-டிராக்ஸ் என்று பெயர்கள். பின்பகுதியில் காந்தம் ஒட்டி, முன் குழாய்களில் வழுக்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பவுடர் கோட்டிங் அடுப்பின் சூடு 180 முதல் 200 டிகிரி. எஃகுக்கு அது ஒன்றும் செய்யாது, பசை தாங்காது. பார்க்கப் புதிதுபோல இருக்கும் ஃபிரேம், ஓட்டும்போது மூட்டில் விட்டுப்போகும். இது அழகு பற்றிய பேச்சு இல்லை, உயிர் பற்றியது.

துருவைப் பார்த்தும் பயப்பட வேண்டாம். நல்ல 531 குழாயின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் கனம்தான், அதனால்தான் மணல் வேண்டாம் என்கிறேன். ஆக்ஸாலிக் அமிலம் கலந்த தண்ணீரில் கையுறை போட்டுக்கொண்டு ஊறப் போட்டால் துரு போகும், பெயின்ட் பெரும்பாலும் நிற்கும். பிறகு சோடா உப்பு கலந்த தண்ணீரில் அலசி, உடனே காயவைத்து, குழாய்களுக்குள் எண்ணெய் விடுங்கள். இறுகிப்போன அலுமினிய சீட் போஸ்ட் என்னை மூன்று வாரம் படுத்தியது. கடைசியில் அசைந்தது அம்மோனியாவாலும் பொறுமையாலும்தான், சுத்தியலால் இல்லை. பாட்டம் பிராக்கெட்டின் வலப்பக்க மரை எதிர்த்திசையில் கழலும். அதை மறந்து பலம் காட்டினால் மரையே போய்விடும்.

சரி, பூசித்தான் ஆக வேண்டும் என்றால் பூசுங்கள். கொடுக்கும் முன் எண்ணின் மேல் சாக்பீஸைத் தேய்த்துப் படமெடுங்கள். ஸ்டிக்கர்கள் இருக்கும் இடங்களை டிரேசிங் பேப்பரில் பிடியுங்கள். எண்ணின் மேல் டேப் ஒட்டி, அதைத் தொடக் கூடாது என்று பட்டறைக்காரரிடம் வாயால் சொல்வதோடு ஃபிரேமிலேயே ஒரு சீட்டும் கட்டித் தொங்கவிடுங்கள்.

என் மடி ஃபாக்ஸுக்கு நான் பூசவில்லை. பச்சை முழுவதும் இன்னும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மணி நேரம் தேய்க்கிறேன். இதுவரை நான்கு பாதங்கள் வெளியே வந்திருக்கின்றன.

அன்புடன்,
உங்களில் ஒருவன்