241 முதல் 256 வரை பக்கங்கள் இல்லாத நாவல் பிரதிகள்: மாற்றித் தரக் கோரும் புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
அனுப்புநர்: வாசகர் வட்டப் பொறுப்பாளர், பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். எங்கள் வாசகர் வட்டத்துக்காக உங்களிடம் வாங்கிய 10 பிரதிகளில் 7 பழுது. கடையில் சொல்லியாயிற்று, போனில் சொல்லியாயிற்று, வாட்ஸ்அப்பில் படம் எடுத்தும் அனுப்பியாயிற்று. கடை கிடங்கைக் கைகாட்டுகிறது, கிடங்கு அலுவலகத்தைக் கைகாட்டுகிறது. புத்தகத்தைத் திறந்து பார்த்தவர் ஒருவருமில்லை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன். ஆர்டர் எண்ணும் பில்லும் இணைப்பில் உள்ளன. பினாங்கு நகைக்கடைக் கொலையில் தொடங்கும் அந்தக் காதல் மர்ம நாவல்தான். நீங்களே பதிப்பித்தது, கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பழுது இதுதான். 240ஆம் பக்கத்துக்கு அடுத்து 241 வர வேண்டும். இந்த 7 பிரதிகளில் மறுபடியும் 225 வருகிறது. 225 முதல் 240 வரை இரண்டாம் முறை ஓடி, அடுத்த தாள் 257. அதாவது 15ஆம் பாரம் (ஒரே பெரிய தாளில் அச்சடித்து மடித்த பக்கங்களின் தொகுதி) இரண்டு தடவை சேர்ந்திருக்கிறது, 16ஆம் பாரம் சேரவே இல்லை. ஒரு பாரத்துக்கு 16 பக்கம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் இம்மி பிசகாமல் பொருந்துகிறது. பைண்டிங்குக்கு முன் பாரங்களை வரிசையாக அடுக்கும் இடத்தில் 16ஆம் பாரத்தின் கட்டு இருக்க வேண்டிய தட்டில் 15ஆம் பாரத்தின் கட்டை வைத்திருக்கிறார்கள். இப்படி நேர வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

“எடை போட்டுப் பார்த்துத்தான் அனுப்புகிறோம்” என்று உங்கள் அலுவலகம் பதில் எழுதியது. ஒரு பாரம் குறைந்து இன்னொன்று கூடினால் எடை மாறாது, தடிமனும் மாறாது. மொத்தம் 320 பக்கத்துக்கான தாள் அப்படியே இருக்கும். முதுகில் பசை போடுவதற்காகச் சீவிவிடுவதால் பாரத்தின் மடிப்பில் அடித்திருக்கும் வரிசைக் குறிகளும் போய்விடும், வெளியிலிருந்து கண்டுபிடிக்க வழியே இல்லை. உள்ளே பார்த்தால்தான் தெரியும். 240ஆம் பக்கத்தைத் திறந்து எதிர்ப்பக்கத்தைப் பாருங்கள். 241 என்றால் நல்லது, 225 என்றால் பழுது. ஒரு பிரதிக்கு ஐந்து நொடி ஆகாது. தட்டில் கட்டு மாறி வைக்கப்பட்டால் அது ஓரிரு பிரதியோடு நிற்காது, கட்டு தீரும்வரை வருகிற பிரதியெல்லாம் அப்படியேதான் வரும். எனக்கு மாற்றாக அனுப்பிய பிரதியும் அதே பழுதோடு வந்ததற்குக் காரணம் இதுதான். அதே பெட்டியிலிருந்து எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள்.

தயவுசெய்து இதைச் சிறிய விஷயம் என்று எண்ண வேண்டாம். இந்த வகை நாவலில் கொன்றது யார் என்ற கேள்வியும் இவனை நம்பலாமா என்ற கேள்வியும் சேர்ந்தே போகும். கொலை முதல் அத்தியாயத்திலேயே முடிந்துவிடுகிறது. பிறகு வருவதெல்லாம் அது விட்டுப்போன காயம்: காவல் நிலையம், சொந்தக்காரர்களின் பேச்சு, பூட்டிய கதவை எழுந்து எழுந்து பார்க்கிற இரவுகள். அந்தப் பயத்துக்குள் அன்பு வளர வேண்டும். அவசரப்பட்டு வளர்ந்தால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதால் ஆசிரியர் 240 பக்கம் பொறுமையாக நடக்கிறார். 240இல் நாயகி நாயகனைத்தான் தன் அண்ணனைக் கொன்றவன் என்று நினைக்கிறாள். 248இல், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112ஆம் பிரிவின்கீழ் போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலத்தில் தான் எதை மறைத்தேன், யாருக்காக மறைத்தேன் என்று அவன் சொல்கிறான். அவள் அப்போது எதுவும் பேசுவதில்லை, அவனுக்கு ஒரு கோப்பை தண்ணீர் எடுத்துவந்து வைக்கிறாள். காதல் அங்கேதான் தொடங்குகிறது. 253இல் அடகுச் சீட்டு கிடைக்கிறது. 301இல் கொலைகாரன் பிடிபடுவதே அந்தச் சீட்டால்தான்.

இவை எல்லாம் 16ஆம் பாரத்தில் இருக்கின்றன. நல்ல பிரதிகள் மூன்று இருப்பதால்தான் எனக்கு இது தெரியும். மற்ற ஏழு பேரும் 240இல் அவனை வெறுத்து, 257இல் இருவரும் ஒரே குடையில் நடப்பதைப் படித்திருக்கிறார்கள். ஆசிரியருக்கு எழுதத் தெரியவில்லை என்று கூட்டத்தில் பேசினார்கள். பைண்டிங் கூடத்தின் பிழைக்கு ஒரு நல்ல எழுத்தாளர் கெட்ட பெயர் சுமக்கிறார். இதற்கு நீங்கள் பொறுப்பு.

உங்கள் கடையின் கவுண்டரில் இருந்தவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “ஏம்மா, 16 பக்கம்தானே லா. முடிவு இருக்குல்ல? கொன்னது யாருன்னு நான் சொல்றேன், கேட்டுக்குங்க.” சொல்லியும் விட்டார், பக்கத்தில் அதே நாவலைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒரு பெண்ணின் காதில் விழும்படி! அந்தப் பெண் புத்தகத்தை அடுக்கிலேயே வைத்துவிட்டுப் போனார். மர்ம நாவல் விற்கிறவர் கொலைகாரனின் பெயரைக் கடையில் சத்தமாகச் சொல்லலாமா? அதன் பிறகுதான் “பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க முடியாது” என்றார். உறையைப் பிரிக்காமல் 241ஆம் பக்கம் இல்லை என்று யாரால் கண்டுபிடிக்க முடியும்?

அவரே கிடங்குக்குப் போகச் சொன்னார். கே.எல். சென்ட்ரலில் கொம்யூட்டர் ரயில் ஏறி, பத்துமலையில் இறங்கி, அங்கிருந்து கிராப் டாக்சி பிடித்து, ஏழு புத்தகத்தையும் சுமந்துகொண்டு போனால், பொதுமக்களுக்கு அனுமதி இல்லை என்று காவலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார். அவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர் மேல் எனக்குப் புகார் இல்லை. கிடங்கில் வாடிக்கையாளரைப் பார்ப்பதே இல்லை என்று கவுண்டரில் இருந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தே அனுப்பினாரா என்பதை நீங்கள்தான் விசாரிக்க வேண்டும்.

அடுத்து, விடுபட்ட பக்கங்களை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினீர்கள். உங்கள் ஊழியரின் கட்டைவிரல் 251ஆம் பக்கத்தின் கடைசி வரிகளை மறைக்கிறது. நகல் எடுத்து ஒட்டிக்கொள்ளுங்கள் என்ற யோசனையும் சரிவராது. பசை பைண்டிங்கில் ஒவ்வொரு தாளும் தனித்தனியாகப் பசையில் நிற்கிறது. நடுவில் 8 தாளைப் பிடுங்கி 8 தாளைச் செருகினால் முதுகு வெடித்து மற்ற தாள்களும் கழன்றுவிடும்.

உங்கள் பதிப்புகள் மேல் எங்களுக்கு மதிப்பு உண்டு. மலேசியாவில் தமிழ் நாவல் போடுவது எவ்வளவு சிரமம் என்றும் தெரியும். ஆகவே முதலில் உங்களிடமே கேட்கிறேன்:

241 முதல் 256 வரை சரிபார்த்த 7 பிரதிகளை உங்கள் செலவில் அனுப்புங்கள். இல்லையேல் பிரதிக்கு 38 ரிங்கிட் வீதம் 266 ரிங்கிட் திருப்பித் தாருங்கள். எது செய்தாலும், பயணம், தபால், கலைந்துபோன கூட்டத்துக்கு எடுத்த மண்டப வாடகை, இத்தனை பேரின் வீணான உழைப்பு எல்லாவற்றுக்கும் 2,000 ரிங்கிட் இழப்பீடு வேண்டும். ஒரு மாத வாசிப்பே பாழாகிவிட்டது, 2,000 அதிகமில்லை. கவுண்டர் ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கடையில் மீதியுள்ள பிரதிகளை இன்றே அடுக்கிலிருந்து எடுத்துச் சரிபாருங்கள். இன்னும் யார் யார் வாங்கிக்கொண்டு போகிறார்களோ!

14 நாளில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் முதலாம் படிவத்தைப் பூர்த்தி செய்வேன். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பில்லின் அடியில் “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று அச்சடித்திருக்கிறீர்கள். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999இன் 32ஆம் பிரிவு பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்த உரிமையை ஒரு வரி அச்சடித்துப் பறிக்க முடியாது என்று 6ஆம் பிரிவு சொல்கிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும் நகல் போகும். அந்த நிலைக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பழுதான 7 பிரதிகளும் பிரிக்பீல்ட்சில் என்னிடம் இருக்கின்றன. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளலாம். வருகிறவர் நல்ல பிரதிகளைக் கையோடு கொண்டுவரட்டும், வாசலிலேயே 240ஆம் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

இப்படிக்கு,
வாசகர் வட்டப் பொறுப்பாளர்